தேரை நாம் இழுக்க, தேர் நம்மை இழுக்க

போன சித்திரையில் மதுரையில் தேர் பார்க்க அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பத்தாம் வகுப்புக்குப் போகப்போகிறவன். கீழமாசி வீதிக் கூட்டத்தில் இடித்துப் பிடித்து முன்னேறி, எப்படியோ இரண்டு பேரும் வடத்தில் கை வைத்துவிட்டோம். தொய்ந்து கிடந்த வடம், முன்னாலிருந்து சத்தம் வந்ததும் விறைத்தது. எல்லாரும் ஒரே மூச்சாக இழுக்கிறார்கள். தேர் அசையவில்லை. கை மட்டும் தேர்ப் பக்கமாகப் போகிறது. அப்போது அவன் கத்தினான்: "சித்தப்பா, தேரு என்னைய இழுக்குது!"

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்புறம் நீர்மோர்ப் பந்தல் நிழலில் நின்றபோது அடுத்த கேள்வி வந்தது. "நாம இழுக்கிற அளவுக்கே தேரும் நம்மள இழுக்குதுன்னா, ரெண்டும் சரிக்குச் சரியாப் போயிரணும்ல? அப்புறம் தேரு எப்படி நகருது?"

இந்த இடத்தில்தான் நியூட்டனின் மூன்றாம் விதி உண்மையில் தொடங்குகிறது. 'ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு' என்று மனப்பாடமாகச் சொல்லிவிடலாம், மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வி ஒருவருக்குத் தோன்றவே இல்லை என்றால் விதி அவருக்குள் இன்னும் இறங்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தேர் நகரும் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் சில முடிச்சுகளை அவிழ்க்க வேண்டும்.

முதல் முடிச்சு நம் மொழியிலேயே இருக்கிறது. எதிர்விசையை 'எதிர்வினை' என்றும் சொல்வதுண்டு. அப்படிச் சொன்னதும் நமக்கு என்ன தோன்றுகிறது? ஒருவர் ஒன்று செய்தார், அதற்குப் பதிலாக இன்னொருவர் ஒன்று செய்தார் என்று தோன்றுகிறது. முன்னது ஒன்று, பின்னது ஒன்று. 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அப்படித்தான் கேட்கும். விதைப்பது ஆடியில், அறுப்பது தையில். விசைக்கும் எதிர்விசைக்கும் இடையே அப்படிப்பட்ட காலம் எதுவும் கிடையாது. எது முதல், எது பதில் என்றும் கிடையாது. இரண்டும் ஒரே நொடியில் பிறக்கின்றன, ஒரே நொடியில் முடிகின்றன. எதை விசை என்றும் எதை எதிர்விசை என்றும் சொல்கிறோம் என்பது நம் வசதி. மாற்றிச் சொன்னாலும் தப்பில்லை.

இதற்கு நம்மிடம் இன்னும் பொருத்தமான பழமொழி உண்டு: ஒரு கை தட்டினால் ஓசை வராது. கை தட்டிப் பாருங்கள். வலது கை இடதை அடித்ததா, இடது வலதை அடித்ததா? இடது கையை அசையாமல் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் ஓங்கி அறைந்தாலும் எரிச்சல் இரண்டு உள்ளங்கையிலும்தான். விசை என்பது ஒருவரிடம் இருக்கும் சொத்து இல்லை. இரண்டு பொருள்களுக்கு நடுவே நடக்கும் ஒரு காரியம் அது. வடத்துக்கு இரண்டு முனை இருப்பதுபோல அதற்கும் இரண்டு முனை.

அண்ணன் மகனுக்கு இதைச் சொல்லித்தர நான் தமிழ் இலக்கணத்தைத்தான் துணைக்கு அழைத்தேன். எந்த விசையையும் ஒரு முழு வாக்கியமாக எழுது என்றேன். எழுவாய் வேண்டும், செயப்படுபொருள் வேண்டும், பயனிலை வேண்டும். 'கால் தரையைத் தள்ளுகிறது.' இப்போது எழுவாயையும் செயப்படுபொருளையும் மட்டும் இடம் மாற்று, பயனிலையைத் தொடாதே. 'தரை காலைத் தள்ளுகிறது.' அதுதான் எதிர்விசை. அளவு அதே, திசை மட்டும் நேர் எதிர். 'நாங்கள் தேரை இழுக்கிறோம்' என்றால் 'தேர் எங்களை இழுக்கிறது'. மட்டை பந்தை அடிக்கிறது என்றால் பந்து மட்டையை அடிக்கிறது. 'ஐ' என்ற வேற்றுமை உருபு ஒரு பொருளிலிருந்து கழன்று இன்னொன்றில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எளிதாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் இந்த முறை பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் ஒரு குழியிலிருந்து காப்பாற்றும். மேசை மேல் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கிறது. பூமி சொம்பைக் கீழே இழுக்கிறது, மேசை சொம்பை மேலே தாங்குகிறது, சொம்பு அசையாமல் இருக்கிறது. இவை இரண்டும் விசை, எதிர்விசை என்று பலரும் எழுதிவிடுவார்கள். அளவு சமம், திசை எதிர், வேறென்ன வேண்டும் என்று தோன்றும். வாக்கியத்தைத் திருப்பிப் பாருங்கள். 'பூமி சொம்பை இழுக்கிறது' என்பதைத் திருப்பினால் 'சொம்பு பூமியை இழுக்கிறது' என்றுதான் வரும். அதில் மேசைக்கு வேலையே இல்லை. 'மேசை சொம்பை அழுத்துகிறது' என்பதைத் திருப்பினால் 'சொம்பு மேசையை அழுத்துகிறது'. ஆக மொத்தம் இரண்டு சோடிகள், நான்கு விசைகள். நாம் முதலில் பார்த்த இரண்டும் வேறு வேறு சோடிகளிலிருந்து வந்தவை. இரண்டும் ஒரே சொம்பின் மேல் விழுவதால் அவை ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. உண்மையான விசை, எதிர்விசைச் சோடி ஒருபோதும் ஒரே பொருளின் மேல் விழாது. இந்த ஒரு வரியில்தான் தேரின் விடை ஒளிந்திருக்கிறது.

சமம் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஒரு சோதனை. பழைய பேப்பர் எடுக்க வருகிறவர் கையில் கொக்கியோடு தொங்கும் தராசு இருக்குமே, அதுமாதிரி இரண்டு வேண்டும். நாங்கள் ஒன்றை வீட்டில் வைத்திருந்தோம், இன்னொன்றை எதிர்வீட்டில் இரவல் வாங்கினோம். ஒன்றின் கொக்கியை மற்றதன் கொக்கியில் மாட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். என் தராசு 4 கிலோ காட்டினால் அவனுடையதும் 4 கிலோ. "நீ இழுக்காதே, சும்மா பிடி" என்றேன். அப்போதும் இரண்டும் ஒன்றுபோலவே ஏறின, ஒன்றுபோலவே இறங்கின. அப்புறம் அவன் தராசை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு நான் மட்டும் இழுத்தேன். இரண்டு முள்ளும் ஒரே இடத்தில். அவன் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். "கம்பி சும்மாதானே சித்தப்பா நிக்குது? அது எப்படி இழுக்கும்? எவ்வளவு இழுக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அருமையான கேள்வி. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் கயிறு தொய்கிறது. எவ்வளவு தொய்கிறதோ அவ்வளவுக்கு நம்மை மேலே தள்ளுகிறது. ஒல்லியானவர் உட்கார்ந்தால் கொஞ்சம், கனத்தவர் உட்கார்ந்தால் அதிகம். மரமேசையும் கல்திண்ணையும் இரும்புக் கம்பியும் கட்டில் கயிறு மாதிரிதான். தொய்வு மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. பொருளுக்குள் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, சுருள்வில்லால் கோத்ததுபோல நிற்கின்றன. நாம் அழுத்தும்போது அவை துளி நெருங்குகின்றன, இழுக்கும்போது துளி விலகுகின்றன. பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கின்றன. அந்தத் திமிறல்தான் நம் கையில் தெரிகிற விசை. கம்பிக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. நாம் இழுக்க இழுக்க அது வளைகிறது, வளைய வளைய இழுக்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு பொருள் நம்மைத் திருப்பித் தள்ளும் அளவுக்கு மேல் நாம் அதைத் தள்ளவே முடியாது. கொடியில் காயும் கைலியை எவ்வளவு ஓங்கிக் குத்தினாலும் குத்து விழாது. கைலி கொடுக்கும் எதிர்விசை அவ்வளவுதான், அதனால் நம் விசையும் அவ்வளவுதான். வைகை மணலில் நடந்தவர்களுக்கு இது காலிலேயே தெரிந்திருக்கும். தார் ரோட்டில் கால் பின்னால் தள்ளியதும் ரோடு நம்மை முன்னால் தள்ளிவிடுகிறது. மணலில் கால் தள்ளியதும் மணல் சரிந்து பின்னால் ஓடுகிறது. அது திருப்பிக் கொடுப்பது குறைவு. நாலு எட்டு வைப்பதற்குள் கெண்டைக்கால் வலிக்கிறது.

சரி, இப்போது தேர்.

விசையும் எதிர்விசையும் சமமாக இருந்தால் சரிக்குச் சரியாகிவிடாதா என்பதுதான் கேள்வி. ஆகாது. ஏனென்றால் நாம் இழுக்கும் விசை தேர் மேல் விழுகிறது, தேர் இழுக்கும் விசை நம் மேல் விழுகிறது. என் கணக்கில் வரவு வைத்ததை உங்கள் கணக்கின் செலவோடு கழிக்க முடியுமா? தேர் நகருமா என்று பார்க்க வேண்டுமானால் தேர் மேல் விழும் விசைகளை மட்டும் கூட்டிக் கழிக்க வேண்டும். ஆட்கள் நகர்வார்களா என்று பார்க்க வேண்டுமானால் ஆட்கள் மேல் விழுபவற்றை மட்டும்.

விசையை நியூட்டன் என்ற அலகில் அளக்கிறோம். நூறு கிராம் மல்லிகைப்பூவை உள்ளங்கையில் வைத்தால் கை உணரும் பாரம் ஏறக்குறைய 1 நியூட்டன். இனி ஒரு கணக்கு. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நானாக வைத்துக்கொண்டவை. தேரின் நிறை 20,000 கிலோ. 200 பேர் வடம் பிடிக்கிறார்கள், ஆளுக்கு 60 கிலோ, மொத்தம் 12,000 கிலோ. வடம் தேரை 10,000 நியூட்டன் விசையோடு முன்னால் இழுக்கிறது. சக்கரமும் அச்சும் தரையும் உராய்ந்து 8,000 நியூட்டன் தடுக்கிறது. மீதி 2,000. அதை 20,000 கிலோவால் வகுத்தால் 0.1, அதாவது தேரின் வேகம் நொடிக்கு நொடி, விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வீதம் கூடுகிறது. தேர் நகர்ந்துவிட்டது.

ஆட்களைப் பார்ப்போம். வடம் அவர்களை அதே 10,000 நியூட்டன் விசையோடு பின்னால் இழுக்கிறது. ஒரு ஆளுக்கு 50 நியூட்டன், ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடித்த பாரம். அவர்களும் தேரோடு சேர்ந்து அதே வேகத்தில் முன்னேற வேண்டும் என்றால் 12,000 கிலோவுக்கு 1,200 நியூட்டன் மிச்சமிருக்க வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? வீதியிலிருந்து! 200 பேரின் பாதங்கள் வீதியை 11,200 நியூட்டன் விசையோடு பின்னால் தள்ளுகின்றன. வாக்கியத்தைத் திருப்பினால், வீதி அவர்களை 11,200 நியூட்டன் விசையோடு முன்னால் தள்ளுகிறது. அதில் 10,000 வடத்துக்குப் போக, 1,200 மீதி.

வடத்தின் இரண்டு முனையிலும் ஒரே விசை. தேரை நகர்த்துவது பாதத்துக்கும் வீதிக்கும் நடுவே நடக்கும் இன்னொரு சோடி. நம் கண் எல்லாம் வடத்தில் இருக்கிறது, காரியம் காலடியில் நடக்கிறது. வடம் பிடிக்கிறவர்கள் விரல்களை ஊன்றி, உடம்பைச் சாய்த்து, வெறுங்காலோடு வீதியைப் பற்றுவதைப் பாருங்கள். யாராவது குளிர்ச்சிக்கென்று தண்ணீரை ஊற்றிய இடத்தில் கால் வழுக்கினால், எவ்வளவு கைபலம் இருந்தாலும் பிரயோசனம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கயிறு இழுக்கும் போட்டியும் இப்படித்தான். கயிறு இரண்டு அணியையும் ஏறக்குறைய சமமாகத்தான் இழுக்கிறது. தரையை நன்றாக உதைத்துத் தள்ளுகிற அணி ஜெயிக்கிறது.

நியூட்டனும் கிட்டத்தட்ட இதே காட்சியைத்தான் எழுதினார். 1687-இல் லத்தீனில் வெளியான பிரின்சிபியா நூலில் மூன்றாம் விதியை விளக்கும்போது, கயிற்றில் கட்டிய கல்லைக் குதிரை இழுத்தால் குதிரையும் அதே அளவுக்குக் கல்லை நோக்கி இழுபடுகிறது என்கிறார். விரலால் கல்லை அழுத்தினால் கல்லும் விரலை அழுத்துகிறது என்பது அவர் தரும் இன்னொரு உதாரணம். அவர் பிறந்த 1642-இல் மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி. மாசியில் நடந்த தேரோட்டம் சித்திரைக்கு மாறியது நாயக்கர் காலத்தில்தான் என்பார்கள். அதனால்தான் சித்திரை மாதத்துத் தேர் இன்றும் மாசி வீதிகளில் ஓடுகிறது.

இழுப்பதை விட்டு மோதுவதற்கு வருவோம். அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ வாடிவாசலிலிருந்து பாய்ந்து வரும் காளை ஒருவரை முட்டித் தூக்கி எறிகிறது. காளை அவர் மேல் செலுத்திய விசையும் அவர் காளை மேல் செலுத்திய விசையும் சமம். இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காளை நின்றுகூடப் பார்க்கவில்லையே, ஆள் மட்டும் பறந்தாரே! விசை சமம், விளைவு சமமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே விசை 400 கிலோ காளையின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றும். 60 கிலோ ஆளின் வேகத்தை அதைப்போல் ஆறேழு மடங்கு மாற்றும். காளையின் திமிலும் கொம்பும் தாங்கும், மனித விலா எலும்பு தாங்காது. ரிங் ரோட்டில் லாரியும் பைக்கும் மோதினாலும் இதே கணக்கு.

காளை பாயும்போது அதன் பின்னங்குளம்புகளையும் கவனியுங்கள். களத்தில் பரப்பிய தேங்காய் நாரும் மண்ணும் பின்னால் தெறிக்கும். குளம்பு மண்ணைப் பின்னால் தள்ளுகிறது, மண் காளையை முன்னால் தள்ளுகிறது. திமிலைப் பிடித்துத் தொங்குகிறவரின் கால் தரையில் படாதபோது அவரால் காளையை நிறுத்தவே முடியாது. அவருக்குத் திருப்பித் தள்ள வீதியோ மண்ணோ இல்லை.

இதே காரணத்தால்தான் பஸ்ஸுக்குள் நின்று பஸ்ஸைத் தள்ள முடியாது. மாட்டுத்தாவணியில் ஒருமுறை நான் ஏறிய பஸ் கிளம்ப மறுத்தது. பத்துப் பேர் இறங்கித் தள்ளியதும் நகர்ந்தது. அதே பத்துப் பேர் உள்ளே நின்று முன்சீட்டுக் கம்பியைத் தள்ளியிருந்தால்? கை கம்பியை முன்னால் தள்ளும். கால் பஸ்ஸின் தரைத் தகட்டைப் பின்னால் தள்ளும். இரண்டும் ஒரே பஸ் மேல் விழுந்து கழிந்துபோகும். கீழே இறங்கினால் கை பஸ்ஸையும் கால் பூமியையும் தள்ளுகின்றன. இறங்குவதில்தான் சங்கதியே இருக்கிறது.

அப்படியானால் பூமி பின்னால் போகிறதா? போகிறது, ஆனால் அதன் நிறையோடு ஒப்பிட்டால் நம் உதை ஒன்றுமே இல்லை. ஒன்றரைக் கிலோ தேங்காய் மரத்திலிருந்து விழுகிறது என்று வையுங்கள். பூமி அதை ஏறக்குறைய 15 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. தேங்காயும் பூமியை அதே 15 நியூட்டன் விசையோடு மேலே இழுக்கிறது. பூமியின் நிறையை கிலோவில் எழுதினால் 6-க்குப் பின்னால் 24 பூஜ்யங்கள். 15-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது எந்தக் கருவியாலும் அளக்க முடியாத அசைவு. தேங்காய்க்குப் பதில் நிலாவை வைத்தால் கதை மாறும். பூமியை நிலா இழுப்பதால் பூமியும் ஒரு சின்ன வட்டம் போடுகிறது. இரண்டும் சுற்றுவது ஒரு பொதுப் புள்ளியை. அது பூமியின் மையத்திலிருந்து சுமார் 4,700 கிலோமீட்டர் தள்ளி, பூமிக்குள்ளேயே இருக்கிறது.

ராக்கெட்டுக்கு வருவதற்கு முன் ஒரு தோட்டத்துக்குப் போவோம். மேலூர்ப் பக்கம் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் ஹோஸ் குழாயின் முனையை மண்ணில் சும்மா போட மாட்டார்கள். மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்பார்கள். வைக்காமல் சுவிட்சைப் போட்டால், தண்ணீர் வந்த நொடியில் குழாய் பாம்பு மாதிரி பின்வாங்கித் துள்ளி, பக்கத்தில் நிற்பவரை நனைத்துவிடும். குழாய் தண்ணீரை முன்னால் தள்ளுகிறது. தண்ணீர் குழாயைப் பின்னால் தள்ளுகிறது. தண்ணீர் எதிரே சுவரில் போய் மோத வேண்டும் என்ற அவசியம் இல்லை. வெட்டவெளியில் பாய்ந்தாலும் குழாய் துள்ளத்தான் செய்யும்.

ராக்கெட்டும் அந்தக் குழாய்தான். எரிந்த வாயுவை அது கீழே தள்ளுகிறது; வாயு ராக்கெட்டை மேலே தள்ளுகிறது. வாயு போய்க் காற்றை உதைப்பதால் ராக்கெட் எழும்புகிறது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். பெரியவர்களும் அதில் தடுக்கியிருக்கிறார்கள். 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தலையங்கம், உதைத்துக் கிளம்பக் காற்றில்லாத வெற்றிடத்தில் ராக்கெட் எப்படி ஓடும் என்று கேட்டு, ராபர்ட் கோடார்ட் என்ற ராக்கெட் முன்னோடிக்குப் பள்ளிக்கூடப் பாடமே தெரியவில்லை என்று எழுதியது. 1969 ஜூலையில், அப்பல்லோ 11 நிலாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அதே நாளிதழ் அந்தத் தவறைத் திருத்தி வெளியிட்டது. சிவகாசி ராக்கெட்டும் அப்பல்லோ ராக்கெட்டும் எழும்பும் விதம் ஒன்றுதான். வாயுவைத் தள்ளும் நேரத்திலேயே தள்ளு கிடைத்துவிடுகிறது. வெளியே காற்று இருந்தால் அது இடைஞ்சல்தான்.

தை மாதம் வந்தது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் பார்க்கப் போனோம். கரையில் நிற்பவர்கள் வடத்தை இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி மெதுவாக வருகிறது. அண்ணன் மகன் கரையில் நிற்பவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான், "தெப்பத்துல நிக்கிறவங்க உள்ளேயிருந்து வடத்தை இழுத்தா நகருமா?"

"நீயே வாக்கியம் எழுது" என்றேன்.

விரலை மடக்கி மடக்கி யோசித்தான். "வடத்தோட மறுமுனை கரையில கட்டியிருந்தா, அவங்க வடத்தை இழுப்பாங்க, வடம் அவங்கள இழுக்கும். அவங்க கால் தெப்பத்தைத் தள்ளிக்கிட்டே போகும். நகரும். மறுமுனையும் தெப்பத்துலயே கட்டியிருந்தா..." கொஞ்சம் நிறுத்தினான். "பஸ்ஸுக்குள்ள நின்னு தள்ளுன மாதிரி."

தெப்பம் எங்கள் பக்கத்துக் கரையைத் தாண்டித் திரும்பியது. அவன் வடம் இழுக்கிறவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான். முதலில் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனான்.